ஒரு லெப்லான் குடும்பத்தைத் தேடி: அகாடியப் பதிவேடுகளோடு பழகிய அனுபவம்

என் கணவரின் தாயார் அகாடியர், அதாவது 17-ஆம் நூற்றாண்டில் கனடாவின் கிழக்குக் கரையோரத்தில் குடியேறிய பிரெஞ்சுக்காரர்களின் வழிவந்தவர். கனடாவின் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில், மாங்க்டன் நகரத்துக்குத் தென்கிழக்கே உள்ள மெம்ரம்குக் பள்ளத்தாக்கில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய தந்தைவழி லெப்லான் குடும்பம். எங்கள் பிள்ளைகளுக்கு இரு பக்கத்து வம்சாவளியும் எழுத்தில் இருக்கவேண்டும் என்பதற்காக, மாமியாரைத் துணைக்கு வைத்துக்கொண்டு அந்தக் குடும்பத்தை 17-ஆம் நூற்றாண்டு வரை பின்தொடரும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். இந்த வேலையில் நான் உறுதியாகப் பற்றிக்கொண்ட நெறி ஒன்றுதான்: அகாடியர்களிடையே ஒரு மனிதரைப் பெயரை வைத்துத் தேடக்கூடாது, கணவன் மனைவி என்ற இணையாகத் தேடவேண்டும், அவர்களைச் சுற்றி நின்ற உறவினர்களையும் அண்டை வீட்டாரையும் சேர்த்துத் தேடவேண்டும். இது ஏன் என்பதைப் பதிவேடு பதிவேடாகச் சொல்கிறேன். கனடாவிலோ அமெரிக்காவின் லூயிசியானாவிலோ அகாடியக் குடும்பத்தில் சம்பந்தம் செய்துகொண்ட தமிழர்களுக்கு இது பயன்படும்.

முதலில் கொஞ்சம் வரலாறு வேண்டும், ஏனென்றால் ஆவணங்கள் சிதறிக் கிடப்பதற்கு அந்த வரலாறுதான் காரணம். 1605-இல் பிரெஞ்சுக்காரர்கள் இன்றைய நோவா ஸ்கோஷியாவில் போர்ட் ராயல் குடியேற்றத்தை அமைத்தார்கள். 1630-களிலிருந்து குடும்பங்கள் வந்து சேர்ந்தன. கடல் ஏற்றம் மூடும் சதுப்பு நிலங்களுக்குக் கரை கட்டி, மழைநீரை வெளியே விட்டுக் கடல்நீரை உள்ளே விடாத மதகுகளை அமைத்து, அந்த மண்ணை விளைநிலமாக்கியவர்கள் இவர்கள். 1713-இல் உட்ரெக்ட் ஒப்பந்தத்தால் நாடு ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1755-இல் ஆளுநர் சார்லஸ் லாரன்சின் நிர்வாகம் அகாடியர்களை ஒட்டுமொத்தமாக நாடுகடத்த முடிவெடுத்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 5-ஆம் தேதி கிராண்ட் ப்ரே தேவாலயத்தில் ஆண்களைக் கூட்டி வைத்து, படைத்தலைவர் ஜான் வின்ஸ்லோ அந்த ஆணையைப் படித்தார். மாசச்சூசெட்ஸ் முதல் ஜார்ஜியா வரை பல குடியேற்றங்களுக்குக் கப்பல் கப்பலாக அனுப்பப்பட்டார்கள். வர்ஜினியா ஏற்க மறுத்துவிட்டதால், அங்கே போனவர்கள் 1756-இல் இங்கிலாந்துக்குக் கொண்டுபோகப்பட்டு, 1763-இல் பிரான்சுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஒரே வீட்டின் அண்ணன் பாஸ்டனிலும் தம்பி பிரான்சிலும் அக்காள் காட்டிலுமாக முடிந்த கதைகள் ஏராளம். ஆகவே அகாடியக் குடும்பம் ஒன்றைத் தேடுபவர் மூன்று நான்கு நாடுகளின் ஆவணங்களைத் தொடவேண்டியிருக்கும் என்பதை ஆரம்பத்திலேயே மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

வேலையை உயிரோடு இருப்பவர்களிடமிருந்துதான் தொடங்கவேண்டும். மெம்ரம்குக் போன்ற ஊர்களில் ஒரே பெயரும் ஒரே குடும்பப்பெயரும் கொண்டவர்கள் நிறைய இருந்ததால், ஒருவரைத் தகப்பன் பெயரும் பாட்டன் பெயரும் சேர்த்து அழைக்கும் வழக்கம் உண்டு: தோமா, ழாக்கின் மகன், பியேரின் பேரன் என்பது போல. என் மாமியார் தன் தகப்பனாரின் வரிசையை இப்படி நான்கு தலைமுறைக்குத் தடங்கலில்லாமல் சொன்னார். அதை அவர் சொன்னபடியே, சொன்ன தேதியோடு எழுதிவைத்தேன். இந்த வாய்மொழி வரிசையை ஆவணமாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் பின்னால் பதிவேட்டில் ஒரே பெயருடைய மூன்று பேர் எதிரே வந்து நிற்கும்போது, எவர் நம்மவர் என்று தெரிந்துகொள்ள அதைவிட நல்ல துணை கிடையாது. வயதானவர்களிடம் கேட்கவேண்டியதை இந்த மாதமே கேட்டுவிடுங்கள், பதிவேடுகள் காத்திருக்கும்.

அடுத்த படி அரசுப் பதிவுகளும் கனடாவின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளும். நியூ பிரன்ஸ்விக்கில் பிறப்பு இறப்புகளை மாகாண அரசு 1888-இலிருந்து பதிந்துவருகிறது. கணக்கெடுப்புகளில் 1931-ஆம் ஆண்டினுடையது 2023-இல் பொதுமக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டது. அதிலிருந்து 1921, 1911, 1901, 1891, 1881, 1871, 1861 என்று பின்னோக்கி நடக்கவேண்டும். எந்தக் கணக்கெடுப்பையும் தாண்டிக் குதிக்கக்கூடாது. 1901-ஆம் ஆண்டுப் படிவம் பிறந்த தேதியையே கேட்கிறது என்பதால் அது எனக்கு மிகவும் உதவியது. 1871, 1881 படிவங்களில் குடும்பத் தலைவருக்கு மற்றவர்கள் என்ன உறவு என்ற பத்தி கிடையாது. ஒரே கூரையின் கீழ் இருக்கும் பத்து வயதுப் பையன் மகனா, தங்கை மகனா, வளர்ப்புப் பிள்ளையா என்று அந்தத் தாளை மட்டும் வைத்துக்கொண்டு தீர்மானிக்க முடியாது.

இந்தக் கட்டத்தில் புதியவர்கள் பலரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. நியூ பிரன்ஸ்விக் கணக்கெடுப்பில் இடப்பெயராக வரும் ‘பங்கு’ என்பது தேவாலயப் பங்கு, அதாவது ஓர் ஆலயத்துக்கு உட்பட்ட எல்லை, அன்று. அது மாவட்டத்தின் உட்பிரிவான ஆட்சி எல்லை. மெம்ரம்குக் மக்களை நான் கண்டது வெஸ்ட்மோர்லாண்ட் மாவட்டத்தின் டார்செஸ்டர் பிரிவில்தான். அவர்கள் ஞானஸ்நானம் பெற்ற புனித தோமா ஆலயத்தின் பெயரை அந்தத் தாள்களில் தேடிக்கொண்டிருந்தால் ஒன்றும் அகப்படாது. அந்தக் காலத்து ஆட்சி எல்லை வரைபடத்தையும் மறைமாவட்டத்தின் பங்கு எல்லைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் தேடவேண்டும்.

பெயர்களின் எழுத்து இன்னொரு சங்கடம். கணக்கெடுக்க வந்தவர் ஆங்கிலம் பேசுபவர் என்றால் காதில் விழுந்ததையோ பெயரின் ஆங்கிலப் பொருளையோ எழுதினார். லெப்லான் என்பது வைட் ஆனது. புவாரியே பெரி ஆனது. ருவா கிங் ஆனது. பெனுவா பென்னெட் ஆனது. பிரின்ஸ் எட்வர்ட் தீவில் ஒக்குவான் என்பவர்கள் வெட்ஜ் ஆனார்கள். போதாக்குறைக்குப் பட்டப்பெயர்களும் உண்டு: அந்தத் தீவின் முன்னோடிக் குடும்பத் தலைவரான மிஷேல் அஷேவுக்குக் காலான் என்ற பட்டப்பெயர் இருந்தது, இன்று அவர் வழிவந்தவர்களில் ஒரு பகுதியினர் அஷே, இன்னொரு பகுதியினர் காலான். எனவே தேடுபொறியில் குடும்பப்பெயரை இடாமல், பிள்ளைகளின் பெயர்களையும் வயதுகளையும் வரிசையாக வைத்துத் தேடுவதே பயன் தரும். ழோசேப், மார்கெரித், சில்வாங், ஓசித் என்று நான்கு பிள்ளைகள் அதே வயது வரிசையில் வந்தால், தலைப்பில் எந்தக் குடும்பப்பெயர் எழுதியிருந்தாலும் அது நம் வீடுதான். மேலும் கீழும் இரண்டிரண்டு பக்கங்களைப் படித்து, அண்டை வீட்டார் பெயர்களையும் குறித்துக்கொள்ளவேண்டும். அடுத்த கணக்கெடுப்பில் நம்மவர் பெயர் உருக்குலைந்து போயிருந்தாலும் அண்டை வீட்டார் காட்டிக்கொடுத்துவிடுவார்கள்.

இனிப் பங்குப் பதிவேடுகளுக்கு வருகிறேன். எனக்கு இந்த வேலையில் மனம் ஒன்றிப்போனது இவற்றால்தான். பிரெஞ்சுக் கத்தோலிக்க மரபில் ஒரு பெண் திருமணமான பிறகும், பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போதும், தான் இறக்கும்போதும்கூடத் தன் பிறந்தவீட்டுக் குடும்பப்பெயரோடுதான் பதிவேட்டில் எழுதப்படுகிறாள். இந்த ஒரு வழக்கம் எத்தனையோ தாய்வழிகளைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. ஆங்கிலேயர் எழுதிய தாள்களில் ‘இன்னாரின் மனைவி’ என்று மறைந்துபோன பெண்களைக் குருவானவரின் பதிவேட்டில் முழுப் பெயரோடு காணும்போது எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சி பொங்கியது. அதனால்தான் இணையாகத் தேடவேண்டும் என்கிறேன். ஒரே பள்ளத்தாக்கில் ஒரே பத்தாண்டில் ழோசேப் லெப்லான் பலர் இருக்கலாம். ஆனால் ஒரு குறிப்பிட்ட பெண்ணை மணந்த ழோசேப் லெப்லான் பெரும்பாலும் ஒருவரே.

ஞானஸ்நானப் பதிவில் தேதி, பிள்ளையின் பெயர், பெற்றோர், ஞானத்தந்தை, ஞானத்தாய் ஆகியோர் இருப்பார்கள். ஞானப்பெற்றோரைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு மூன்று பிள்ளைகளுக்குப் பாட்டன் பாட்டியோ, சித்தப்பன் அத்தையோ நிற்பது வழக்கம். குருவானவர் ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டுமே வந்துபோன ஊர்களில், மருத்துவச்சியோ ஊர்ப் பெரியவரோ அவசர ஞானஸ்நானம் கொடுத்திருப்பார். பல மாதங்கள் கழித்து வந்த குருவானவர் எஞ்சிய சடங்குகளை நிறைவேற்றியதாக எழுதுவார். பதிவின் தேதியைப் பிறந்த தேதி என்று எடுத்துக்கொண்டால் கணக்கு குழம்பும். அதேபோல, குருவானவர் இல்லாத காலத்தில் சாட்சிகள் முன்னிலையில் மணந்துகொண்டவர்களின் திருமணம், பிள்ளைகள் பிறந்த பிறகு முறைப்படுத்தப்பட்டிருக்கும். மூத்த பிள்ளைக்கும் திருமணப் பதிவுக்கும் தேதி முரண்படுவதைக் கண்டு வேறு குடும்பம் என்று ஒதுக்கிவிடவேண்டாம்.

திருமணப் பதிவுதான் இருப்பதில் மிகச் செறிவானது. ஆலயத்தில் திருமண அறிவிப்பான ஓலையை மூன்று முறை வாசித்தார்களா, மணமக்களின் பெற்றோர் யார், அவர்களில் எவர் காலமாகிவிட்டார், முன்னர் எவரையாவது மணந்து இழந்தவரா, சாட்சிகள் எவர் என்பதோடு, உறவுத் தடைக்கு விதிவிலக்கு கொடுக்கப்பட்டிருந்தால் அதுவும் எழுதப்படும். எங்கள் தேடலைத் திறந்துவிட்டது இந்தக் கடைசி வரிதான்.

எங்கள் குடும்பத்தில் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்த ஒரு திருமணத்தில் மணமகனும் லெப்லான், மணமகளும் லெப்லான். மணமகனின் தகப்பனார் 1760-களின் ஆரம்பத்தில், அதாவது குடும்பங்கள் காட்டில் ஒளிந்தும் கோட்டைகளில் சிறைப்பட்டும் கிடந்த காலத்தில் பிறந்தவர். அவருக்கு ஞானஸ்நானப் பதிவு எதுவும் எஞ்சவில்லை. அவருடைய தகப்பனாராக இருக்கக்கூடியவர்கள் என்று இரண்டு பேர் தெரிந்தார்கள். இருவரும் கிராண்ட் ப்ரே ஊர்க்காரர்கள், ஒருவருக்கொருவர் பங்காளிகள். திருமணப் பதிவில் குருவானவர் ‘மூன்றிலிருந்து நான்காம் படி’ இரத்த உறவுக்கு விதிவிலக்கு கொடுத்ததாக எழுதியிருந்தார். திருச்சபைச் சட்டத்தின் அன்றைய கணக்கில் உடன்பிறந்தோர் முதற்படி. ஒரே தாத்தாவின் பேரப்பிள்ளைகள் இரண்டாம் படி. ஒரே கொள்ளுத்தாத்தாவின் வழிவந்தோர் மூன்றாம் படி. ஒரே எள்ளுத்தாத்தாவின் வழிவந்தோர் நான்காம் படி. நான்காம் படி வரை தடை இருந்ததால்தான் இவ்வளவு விவரம் எழுதப்பட்டது. அப்படியானால் ஒரு பக்கத்துக்குக் கொள்ளுத்தாத்தாவாக இருந்தவர் மறுபக்கத்துக்கு எள்ளுத்தாத்தா. கொள்வினை கொடுப்பினையும் முறை பார்ப்பதும் வீட்டுப் பேச்சாக இருக்கும் சூழலில் வளர்ந்த எனக்கு, இந்தக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்ப்பது சுலபமாகவே இருந்தது. மணமகளின் முன்னோர் வரிசை கிராண்ட் ப்ரே வரை ஏற்கெனவே உறுதியாகியிருந்தது. முதலாமவரைத் தாத்தாவாக வைத்தால் மூன்றுக்கு நான்கு என்ற கணக்கு அப்படியே பொருந்தியது. இரண்டாமவரை வைத்தால் இரு பக்கமும் நான்காம் படிதான் வந்தது.

ஆனாலும் அதோடு முடிவு கட்டிவிடவில்லை. அகாடியத் தம்பதிகள் ஒன்றுக்கு மேற்பட்ட வழிகளில் உறவினராக இருப்பது சாதாரணம். குருவானவர் குறித்த உறவு தகப்பன் வழியாக வந்ததா தாய் வழியாக வந்ததா என்பதைப் பதிவு சொல்வதில்லை. எனவே மணமகனின் தாய் பக்கத்தையும் முழுவதுமாக வரைந்து, அந்தப் பக்கத்தில் அத்தகைய உறவு எதுவும் இல்லை என்று பார்த்தேன். பிறகு மணமகனின் உடன்பிறந்தோர் ஒவ்வொருவரின் திருமணத்தையும், அவர்களுக்குக் கிடைத்த விதிவிலக்குகளையும் எடுத்தேன். அவர்களில் வேறு இருவருடைய படிக் கணக்குகளும் முதலாமவரையே சுட்டின. நம் நேர் முன்னோரின் பதிவை மட்டும் எடுத்துவிட்டு உடன்பிறந்தோரை விட்டுவிடுபவர்கள், பாதிச் சாட்சியைக் கேட்காமலே தீர்ப்பு எழுதுகிறார்கள்.

1755-க்கும் 1780-களுக்கும் இடைப்பட்ட இருண்ட காலத்துக்கு வேறு சில ஆவணங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஏன் எழுதப்பட்டது என்று கேட்டால், அதில் எதை எதிர்பார்க்கலாம் என்பது விளங்கும். வின்ஸ்லோ தன் நாட்குறிப்பில் கிராண்ட் ப்ரே குடும்பத் தலைவர்களைப் பிள்ளைகளின் எண்ணிக்கையோடும் கால்நடைகளோடும் பட்டியலிட்டார். ஆட்களைக் கப்பலேற்றவும் சொத்தைப் பறிமுதல் செய்யவும் எழுதப்பட்டது என்பதால் அதில் பெண்களின் பெயர்கள் இல்லை. 1763-இல் சமாதானம் ஏற்பட்டபோது, ஆங்கிலக் குடியேற்றங்களில் இருந்த அகாடியர்கள் பிரான்சுக்குப் போக விரும்பி, லண்டனிலிருந்த பிரெஞ்சுத் தூதர் நிவெர்னே பிரபுவுக்காகக் குடும்பம் குடும்பமாகப் பெயர் கொடுத்தார்கள். மாசச்சூசெட்ஸ் ஆவணக் காப்பகத்தில் ‘பிரெஞ்சு நடுநிலையாளர்’ என்ற தலைப்பில் உள்ள தொகுதிகளில், பிள்ளைகளைத் தங்களிடமிருந்து பிரிக்கவேண்டாம் என்று பெற்றோர் கொடுத்த மனுக்களும், அகாடியர்களைப் பராமரித்த ஊர்கள் அனுப்பிய செலவுக் கணக்குகளும் இருக்கின்றன. இவற்றைப் படிப்பது எளிதல்ல. மனம் கனத்துப்போகும்.

இவற்றுள் ஈடில்லாதவை பெல்-ஈல் தீவின் வாக்குமூலங்கள். பிரான்சின் பிரிட்டனி பகுதிக் கரையோரத்தில் இருக்கும் அந்தத் தீவில் 1765-இல் 78 அகாடியக் குடும்பங்கள் குடியமர்த்தப்பட்டன. அவர்களுடைய பதிவேடுகள் தொலைந்துபோனதால், 1767-இல் ஒவ்வொரு குடும்பத் தலைவரும் சாட்சிகள் முன்னிலையில் சத்தியம் செய்து, தான் பிறந்த இடம், திருமணம், பிள்ளைகள், பெற்றோர், பாட்டன், பூட்டன் என்று முதன்முதலில் பிரான்சிலிருந்து வந்தவர் வரைக்கும் சொல்லி எழுதவைத்தார். உடன்பிறந்தோர் எவரெவர் எந்த நாட்டில் கிடக்கிறார்கள் என்பதையும் சொன்னார்கள். நம் முன்னோர் மெம்ரம்குக்கிலேயே இருந்திருந்தாலும், அவருடைய சகோதரரோ சித்தப்பாவோ பெல்-ஈலில் பேசியிருக்கலாம். வாய்மொழி நினைவு என்பதால் தேதிகள் பிசகும். உறவுகள் பெரும்பாலும் பிசகுவதில்லை.

நாடுகடத்தலுக்கு முந்திய பங்குப் பதிவேடுகளில் எஞ்சியவை சிலவே. போர்ட் ராயல் புனித ஸ்நானக அருளப்பர் ஆலயத்தின் பதிவேடு 1702 முதல் 1755 வரை கிடைக்கிறது. நோவா ஸ்கோஷியா ஆவணக் காப்பகம் அதைப் படங்களாக இணையத்தில் வைத்திருக்கிறது. மூலத் தாளின் படத்தையே பாருங்கள்; பிறர் பெயர்த்தெழுதிய சுருக்கத்தில் சாட்சிகள் விடுபட்டுப்போவதுண்டு. அந்தப் படங்களில் குருவானவரின் சாய்வான எழுத்துக்குக் கீழே, எழுதத் தெரிந்தவர்களின் கையெழுத்தும், தெரியாதவர்கள் நடுங்கும் கையால் இட்ட சிலுவைக் குறியும், அதன் பக்கத்தில் ‘இது இன்னாருடைய குறி’ என்று எழுதிய வரியும் இருக்கும். கையெழுத்து வடிவத்தை வைத்தே ஒரே பெயருடைய இருவரைப் பிரித்தறியலாம். கிராண்ட் ப்ரேயின் புனித சார்லஸ் ஆலயப் பதிவேட்டின் கதை வேறு: நாடுகடத்தப்பட்டவர்கள் அதைத் தங்களோடு எடுத்துச் சென்று, கடைசியில் லூயிசியானாவுக்குக் கொண்டுசேர்த்தார்கள். 1707 முதல் 1748 வரையிலான அந்தப் பகுதி இன்று பேட்டன் ரூஜ் மறைமாவட்டக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது. எங்கள் முதலாமவரின் பெற்றோருடைய திருமணத்தை அதில்தான் கண்டோம்.

பதிவேடு எட்டாத காலத்துக்குப் பிரெஞ்சு ஆட்சியின் கணக்கெடுப்புகள் உள்ளன. 1671, 1686, 1693, 1698 பட்டியல்களில் கணவன், மனைவி, பிள்ளைகளின் பெயர், வயது, மாடு, ஆடு, நிலம் எல்லாம் உண்டு. 1698-இல் பழமரங்களைக்கூட எண்ணியிருக்கிறார்கள். 1707-ஆம் ஆண்டுப் பட்டியலில் பிள்ளைகள் எண்ணிக்கையாக மட்டுமே வருகிறார்கள். 1671-இல் கணக்கெடுத்தவர் போர்ட் ராயலின் குருவானவர் லோரான் மோலன். அவர் பதிந்தது ஏறத்தாழ 400 பேர். பீப்பாய் செய்யும் பியேர் லனூவிடம் வயதைக் கேட்டபோது, தான் நலமாக இருப்பதாகவும் வயதைச் சொல்ல விருப்பமில்லை என்றும் பதில் வந்ததாக அவர் எழுதிவைத்திருக்கிறார். எத்தியேன் ரொபிஷோ அவரைப் பார்க்கவே மறுத்து வீட்டைவிட்டுப் போய்விட்டார். மாடுகளையும் நிலத்தையும் பற்றிச் சொல்லமாட்டேன் என்று மனைவியிடம் சொல்லியனுப்பினார். வரி வந்துவிடுமோ என்று அஞ்சிய குடியானவர்கள் இவர்கள் என்றே நான் நினைக்கிறேன். பட்டியலில் ஒருவர் இல்லை என்பதாலோ, ஒருவருடைய சொத்து குறைவாகத் தெரிகிறது என்பதாலோ அவசர முடிவுக்கு வரக்கூடாது என்பதற்கு இவை நல்ல சான்று. வயதுகளும் அப்படித்தான்: இரண்டு கணக்கெடுப்புகளுக்கு இடையே பதினைந்து ஆண்டு கழிந்திருக்க, ஒருவருக்குப் பத்து வயதுதான் கூடியிருக்கும். பிள்ளைகளின் வயதுகளை நம்பலாம். முதியவர்களின் வயதை ஐந்தாறு ஆண்டு முன்பின்னாகவே எடுத்துக்கொள்ளவேண்டும்.

அந்த 1671 பட்டியலில்தான் தானியேல் லெப்லான், பிரான்சுவாஸ் கோதே தம்பதியும் அவர்களுடைய பிள்ளைகளும் இருக்கிறார்கள். அகாடிய லெப்லான்கள் ஏறக்குறைய அனைவரும் அவர்களுடைய மகன்களின் வழிவந்தவர்களே. அந்த மகன்களில் பெரும்பாலோர் போர்ட் ராயலை விட்டு கிராண்ட் ப்ரே பக்கம் குடிபெயர்ந்தார்கள். ஆகவே ‘தானியேல் வரை போய்விட்டோம்’ என்பது பெரிய காரியமன்று; எந்த மகன் வழியாக, எந்தெந்தத் தாய்மார் வழியாக என்பதுதான் தேடலின் சாரம்.

இணையத்தில் கிடைக்கும் குடும்ப மரங்களைப் பற்றியும் சொல்லவேண்டும். அவற்றில் ஒன்றில் எங்கள் இரண்டாமவரே தாத்தாவாக எழுதப்பட்டிருந்தார். அதையே மற்ற பலரும் படியெடுத்திருந்தார்கள். அவற்றைத் துப்பாக மட்டும் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு இணைப்புக்கும் மூல ஆவணத்தின் பெயர், தேதி, தாள் எண் மூன்றையும் எழுதவேண்டும். மாங்க்டன் பல்கலைக்கழகத்தின் அகாடிய ஆய்வு மையம் பல பத்தாண்டுகளாக இந்தப் பதிவுகளை ஒப்புநோக்கிவருகிறது. 1714 வரையிலான குடும்பங்களைப் பற்றிய அதன் பெரிய அகராதி 1999-இல் வெளியானது. நாமே கண்டுபிடித்ததையும் அதோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் விடக்கூடாது. உயிரோடிருப்பவர்களின் பிறந்த தேதியைப் பொதுவில் வைக்கவேண்டாம். எங்கள் மரத்தை 1931-க்கு முன் பிறந்து காலமானவர்களோடு நிறுத்தியிருக்கிறோம்.

மாமியாரின் தாய்வழி மட்டும் இன்னும் நிறைவு பெறவில்லை. அவர்கள் நோவா ஸ்கோஷியாவில் அகாடியர் வாழ்ந்த பிசிகிட் பக்கத்துக் குடும்பம். அங்கிருந்த இரண்டு பங்குகளின் பதிவேடுகளும் அழிந்துவிட்டன. அந்த வரிசை 1763-ஆம் ஆண்டு மேரிலாண்ட் பட்டியலில் இருக்கும் ஒரு விதவையோடும் அவருடைய பிள்ளைகளோடும் நிற்கிறது. அந்தப் பிள்ளைகளில் ஒருவர் லூயிசியானாவில் திருமணம் செய்துகொண்டிருந்தால், அங்கே எழுதப்பட்ட பதிவில் தாயின் பிறந்தவீட்டுப் பெயர் இருக்கவேண்டும். பேட்டன் ரூஜ் காப்பகத்துக்கு அந்தக் குடும்பத்தின் பெயர்களோடு விண்ணப்பம் எழுதியிருக்கிறோம். பதில் வரும்வரை, மெம்ரம்குக்கில் அந்தப் பக்கத்தார் பெற்ற விதிவிலக்குகளை மாமியாரும் நானும் ஒவ்வொன்றாக எடுத்து எழுதிக்கொண்டிருக்கிறோம்.